கொள்ளிடக்கரை முதலைகளை உயிரியல் பூங்காவுக்கு அனுப்பக் கேட்பது சரியா?

கேள்வி: கொள்ளிடக்கரை ஆசிரியர் (சிதம்பரம் வட்டம், கடலூர் மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். சிதம்பரத்துக்குத் தெற்கே, பழைய கொள்ளிடத்தை ஒட்டிய ஒரு கிராமத்தின் அரசுப் பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். வேளக்குடி, பழையநல்லூர், அகரநல்லூர் ஆகிய ஊர்களைப் போலவே எங்கள் ஊர்ப் பகுதி ஆற்றிலும் முதலைகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் வெள்ளம் வடியும்போது அவை வாய்க்கால் வழியாக வயலுக்கும் குளத்துக்கும் வந்துவிடுகின்றன. பிடிபடும் முதலைகளை வனத்துறையினர் வக்காரமாரி ஏரியில் விடுவதாகச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். ஆனாலும் ஆற்றில் முதலை குறைந்ததாக ஊரில் யாரும் உணரவில்லை.

வருகிற அக்டோபர் 2 அன்று நடக்கவிருக்கும் கிராம சபையில், ஆற்றிலுள்ள முதலைகள் அனைத்தையும் பிடித்து வண்டலூர் பூங்காவுக்கோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணைக்கோ அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவர ஊர்ப் பெரியவர்கள் விரும்புகிறார்கள். தீர்மானத்தின் வாசகத்தை எழுதித் தரும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோரிக்கை நடக்கக்கூடியதுதானா? பூங்காக்கள் நம்மைப் போன்ற ஊர்களுக்கு உண்மையில் என்ன செய்ய முடியும்? என் மாணவர்களில் பாதிப்பேர் அந்த ஆற்றங்கரையைக் கடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். ஆகவே, பொதுவான அறிவுரையாக இல்லாமல் செய்யத் தகுந்ததைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற விலங்குப் பராமரிப்பாளர் (புதுச்சேரி)

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஊர்வனவற்றைப் பராமரிக்கும் பணியிலேயே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. உங்கள் ஊர்ப் பெரியவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால், அவர்கள் நினைக்கும் தீர்மானம் நிறைவேறினாலும் செயலுக்கு வராது. அதன் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் மாற்று வழியும் புரியும்.

உங்கள் ஆற்றில் இருப்பது சதுப்புநில முதலை. 1970களின் தொடக்கத்தில் இந்த இனம் நம் நாட்டில் பெரிதும் அருகிப் போயிருந்தது. தோலுக்காக வேட்டையாடினார்கள், முட்டைகளை எடுத்தார்கள், ஆறுகளில் அணைகள் வந்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்த்துப் பாதுகாத்தது. 1975இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியுடன் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. ஆற்றங்கரையிலிருந்து முட்டைகளைச் சேகரித்து, பண்ணையில் பொரிக்க வைத்து, குஞ்சுகள் ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்த பின்பு நீர்நிலைகளில் விடுவதுதான் அதன் முறை. இயற்கையில் பறவைகளும் உடும்புகளும் பெரிய மீன்களும் குஞ்சுகளில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பதால், அந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளைக் கடக்க உதவினாலே இனம் மீண்டுவிடும். அமராவதி அணைப் பகுதியிலும் சாத்தனூரிலும் உள்ள முதலைப் பண்ணைகள் அந்தக் காலத்தின் நினைவாக இன்றும் நிற்கின்றன. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் 1976இல் மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, வடநெம்மேலியில் நிறுவிய சென்னை முதலைப் பண்ணையும் இதே நோக்கத்தில் பிறந்ததுதான்.

அந்த முயற்சி வெற்றி பெற்றதுதான் இன்றைய இடநெருக்கடிக்கும் காரணம். பண்ணையில் நல்ல உணவும் பாதுகாப்பும் கிடைக்கும்போது சதுப்புநில முதலை ஓராண்டில் இரு முறைகூட முட்டையிடும். ஒரு முறைக்கு ஏறத்தாழ 25 முதல் 30 முட்டைகள் இருக்கும். 1990களுக்குள் பண்ணைகள் நிரம்பின. விடுவதற்குப் பொருத்தமான, மனிதர் நடமாட்டமில்லாத நீர்நிலைகள் தீர்ந்துபோயின. பின்னர் முட்டைகளை எடுத்து, பொரிக்க வைக்காமல் விட்டுத்தான் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன்பு வடநெம்மேலியிலிருந்து சுமார் 1,000 சதுப்புநில முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு மாற்ற அனுமதி வழங்கப்பட்டதை நீங்கள் செய்திகளில் படித்திருக்கலாம். இருக்கும் முதலைகளுக்கே இடம் தேடும் நிலையில் உள்ள நிறுவனங்களிடம் ஓர் ஆறு முழுவதையும் காலிசெய்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், அவர்களால் மறுக்கத்தான் முடியும்.

இட நெருக்கடி என்பது வெறும் வசதிக் குறைவும் அன்று. ஒரு குளத்தில் அளவுக்கு மேல் முதலைகள் இருந்தால் வலிய ஆண் முதலை மற்றவற்றை நீரிலிருந்தும் வெயில் காயும் மேட்டிலிருந்தும் விரட்டிவிடும். வால் நுனி இழந்தவை, விரல் இழந்தவை, தாடை முறிந்தவை என்று காயங்கள் தொடரும். முதலைக்குத் தன் உடலின் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. காலையில் காய்வதற்கு மேடும், நண்பகலில் ஒதுங்குவதற்கு நிழலும் ஆழமான நீரும் இல்லாவிட்டால், இரை தின்றாலும் செரிக்காது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய ஓர் உயிரை ஏற்பது என்றால், பணியாளர் ஒருவரின் பணிக்காலம் முழுவதற்கும் பொறுப்பேற்பதாகும். அதனால்தான் 1992இல் அமைக்கப்பட்ட மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல், அட்டவணையில் உள்ள விலங்குகளை எந்தப் பூங்காவும் பெறவோ மாற்றவோ முடியாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடு விலங்கின் நன்மைக்கானது என்பதை ஊரில் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது, பிடித்துக்கொண்டு போய் வேறிடத்தில் விடுவது. முதலைக்குத் தன் இடத்தைத் தேடித் திரும்பும் ஆற்றல் உண்டு. ஆஸ்திரேலியாவில் உவர்நீர் முதலை ஒன்றை ஹெலிகாப்டரில் கொண்டுபோய்த் தீபகற்பத்தின் மறுகரையில் விட்டார்கள். அது கடலோரமாக 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, ஏறக்குறைய மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்ததை 2007இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. நம் சதுப்புநில முதலை வேறு இனம்தான். ஆனால் அதுவும் வெப்ப காலத்தில் நீர் வற்றினால் தரை வழியே வெகுதூரம் நடக்கக்கூடியது. டெல்டாவில் ஆறும் வாய்க்காலும் ஏரியும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் வரை நீர் போகும் ஊரில், ஓரிடத்தில் விட்ட முதலை அங்கேயே நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பெரிய முதலை ஒன்றை அகற்றினால், அதற்கு அஞ்சி ஒதுங்கியிருந்த இளைய முதலைகள் அந்த இடத்துக்கு வந்துவிடும். ஊரில் எண்ணிக்கை குறைந்ததாக யாரும் உணரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

பூங்காக்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு; அதை நாம் கேட்டுப் பெறுவதில்லை. முதலையை எப்படிப் பாதுகாப்பாகப் பிடிப்பது என்ற பயிற்சி அவர்களிடம் இருக்கிறது. கூட்டம் கூடி, கயிறு போட்டு இழுத்து, மணிக்கணக்கில் போராட வைத்த பெரிய முதலை, உடலில் அமிலம் பெருகிச் சில மணி நேரம் கழித்து இறந்துவிடுவதுண்டு. பிடிப்பவருக்கும் ஆபத்து. வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும், ஊரில் விருப்பமுள்ள இளைஞர்களுக்கும், வாயை எப்படிக் கட்டுவது, கண்ணை எப்படி ஈரத்துணியால் மூடுவது, கூட்டத்தை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்பதை நேரில் சொல்லித்தருவதற்கு இத்தகைய நிறுவனங்களை அழைக்கலாம். தீர்மானத்தில் அதைக் கேளுங்கள்.

மறுமொழி 2: வடவாற்றங்கரை விவசாயி (காட்டுமன்னார்கோவில் வட்டம்)

ஐயா எழுதியதைப் படித்தேன். அவருடைய அறிவை மதிக்கிறேன். ஆனால் முதலையின் இட நெருக்கடியைப் பற்றி இவ்வளவு சொன்னவர், ஆற்றில் இறங்காமல் இருக்க முடியாத பெண்களைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. துணி துவைப்பதற்கு, மாடு குளிப்பாட்டுவதற்கு, அக்கரை வயலுக்குப் போவதற்கு, கரையோரம் புல் அறுப்பதற்கு என்று நாள்தோறும் நீரில் கால் வைப்பவர்கள் நாங்கள். கோடையில் மடையிலும் குட்டையிலும் கைகளால் தடவி மீன் பிடிப்பவர்களுக்கு முதலை பக்கத்தில் இருந்தாலும் தெரியாது. "ஆற்றில் இறங்காதீர்கள்" என்று பலகை நட்டுவிட்டுப் போவதால் எங்கள் வேலை நின்றுவிடாது.

எங்கள் ஊரில் உதவியது எளிய ஏற்பாடுதான். கரை மேட்டில் கைப்பம்பும், அதன் அருகே மாடு தண்ணீர் குடிக்கச் சிமெண்ட் தொட்டியும், துவைக்கும் கல்லும் அமைத்துத் தந்தார்கள். அதன்பின் மாலை நேரத்தில் ஆற்றில் இறங்குபவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். முதலையை அனுப்பச் சொல்லித் தீர்மானம் போடுவதைக் காட்டிலும், எங்களை ஆற்றுக்குள் அனுப்பாமல் இருக்க வழி செய்யுமாறு தீர்மானம் போடுங்கள். பெண்கள் கிராம சபைக்கு வந்து இதைப் பேச வேண்டும் என்பதையும் ஊரில் சொல்லுங்கள். ஆண்கள் மட்டும் கூடிப் பேசும்போது படித்துறையைப் பற்றிய பேச்சே எழுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறைச்சிக் கடைக் கழிவையும் கோழிக் கழிவையும் இரவோடிரவாகப் பாலத்திலிருந்து வாய்க்காலில் கொட்டுகிறார்கள். அந்த வாடைக்கு நாயும் வருகிறது, முதலையும் வருகிறது. இதைத் தடுக்க எந்தப் பூங்காவும் தேவையில்லை. ஊராட்சி நினைத்தால் போதும்.

மறுமொழி 3: இயற்கைக் கழகத் தன்னார்வலர் (கடலூர் முதுநகர்)

அம்மா சொன்ன கழிவு விஷயத்தை முழுமையாக ஆதரிக்கிறேன். படித்துறை பற்றி ஒன்று சேர்க்கிறேன். இலங்கையின் தென்பகுதியில் நில்வளா ஆற்றோரமாக வாழும் மக்கள், குளிக்கும் துறையைச் சுற்றி நீருக்குள் கம்புகளையும் இரும்புக் கம்பிகளையும் நெருக்கமாக நட்டு, முதலை நுழைய முடியாத அடைப்பு அமைத்துக்கொள்கிறார்கள். ஒடிசாவின் பிதர்கணிகாப் பகுதியிலும் வனத்துறை படித்துறைகளில் இத்தகைய தடுப்புகளை அமைக்கிறது. அங்கிருப்பது நம்முடையதைக் காட்டிலும் பெரிதான, ஆபத்தான உவர்நீர் முதலை. அதற்கே பயன்படும் ஏற்பாடு நம் ஆற்றுக்கும் பயன்படும். நம் மாவட்டத்தில் சவுக்குக் கம்புக்குப் பஞ்சம் இல்லை. இரும்பு வலை கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆசிரியர் அவர்கள் பள்ளியில் செய்யக்கூடியது பற்றி என் கருத்து: மாணவர்களை வடநெம்மேலிக்கு அழைத்துச் செல்லுங்கள். கடலூரிலிருந்து காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் வேடிக்கை பார்த்துவிட்டு வரும் சுற்றுலாவாக அது முடிந்துவிடக் கூடாது. முதலை நீரில் இருக்கும்போது கண்ணும் மூக்கும் மட்டுமே வெளியே தெரிவதையும், கரையில் அசையாமல் வாயைத் திறந்து கிடப்பது சோம்பல் இல்லை, உடல் வெப்பத்தைச் சீராக்கும் முறை என்பதையும் குழந்தைகள் அங்கே அருகிலிருந்து காணலாம். ஆற்றில் அதே உருவத்தைத் தொலைவிலேயே அடையாளம் காணும் பழக்கம் அவர்களுக்கு அப்படித்தான் வரும். சதுப்புநில முதலையின் குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் முட்டைக் குழியின் வெப்பத்தைப் பொறுத்தது, ஏறத்தாழ 32.5 டிகிரி செல்சியஸில் பெரும்பாலும் ஆண் குஞ்சுகளும், அதற்குக் கீழே பெண் குஞ்சுகளும் பிறக்கும் என்று அங்கே நடந்த ஆய்வுகள் காட்டின. அறிவியல் பாடத்தில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குவதையும் காட்டுங்கள். பாம்புத்தோல் வணிகம் தடை செய்யப்பட்டபோது பிழைப்பை இழந்த இருளர் குடும்பங்கள், 1978இல் சங்கம் அமைத்து, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு வழங்கி வருகிறார்கள். பாம்புக்கடிக்கு நம் மருத்துவமனைகளில் போடும் ஊசிமருந்துக்கு மூலப்பொருள் அவர்கள் உழைப்பு. 2023இல் இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். விலங்கைக் காப்பதும் அதனோடு வாழும் மக்களைக் காப்பதும் ஒரே ஏற்பாட்டுக்குள் அடங்க முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. உங்கள் ஊரில் முதலையை நன்கறிந்த மீனவர்களுக்கு, ஊதியத்துடன் கண்காணிப்புப் பணி கொடுக்குமாறு கேட்பது அந்த வழியில் ஒரு தொடக்கமாக அமையும் என்று நம்புகிறேன்.

கேட்டவரின் தொடர்கேள்வி: கொள்ளிடக்கரை ஆசிரியர்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கைப்பம்பு, மாட்டுத் தொட்டி, அடைப்புத் துறை, கழிவுத் தடை, பயிற்சி ஆகிய ஐந்தையும் குறித்துக்கொண்டேன். பெண்களைக் கிராம சபைக்கு அழைக்கும் பொறுப்பை எங்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தாய்மார்கள் ஏற்றிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு கேள்வியைப் பெரியவர்கள் நிச்சயம் எழுப்புவார்கள். மனிதரைத் தாக்கிய முதலை அதே மடுவில் கிடந்தால், அதையும் விட்டுவைக்கச் சொல்வீர்களா? இதற்கு நேரான பதில் இல்லாமல் நான் அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற விலங்குப் பராமரிப்பாளர் (புதுச்சேரி)

வடவாற்றங்கரை அம்மாவின் சொல் சரியானது. முதலில் பேச வேண்டியது நீருக்குள் இறங்க வேண்டிய தேவையைத்தான். ஆசிரியரின் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

விட்டுவைக்கச் சொல்ல மாட்டேன். மனிதரைத் தாக்கியது, அல்லது குடியிருப்பை ஒட்டிய குளத்தில் நிலையாகத் தங்கி மீண்டும் மீண்டும் கால்நடையைப் பிடிப்பது, இன்ன முதலைதான் என்று உறுதியாகத் தெரிந்தால், அதைப் பிடித்து அகற்றுவதே முறை. முதல் அட்டவணை விலங்கு என்பதால், சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளர்தான் அதற்கு ஆணையிட முடியும். ஆணை விரைந்து கிடைக்கும்படி, நிகழ்ந்த இடம், நேரம், முதலையின் ஏறத்தாழ நீளம், உடலில் உள்ள தழும்பு போன்ற அடையாளம் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வனச்சரக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அப்படிப் பிடித்த ஒன்றை மறுபடி ஆற்றுத் தொடர்புள்ள ஏரியில் விடுவதை நான் ஏற்கவில்லை. அத்தகைய தனி விலங்குக்குத்தான் பூங்காவின் அடைப்பிடம் பொருத்தமான இடம். ஆறு முழுவதையும் ஏற்க மறுக்கும் நிறுவனம், காரணம் காட்டிக் கேட்டால் ஒன்றிரண்டை ஏற்பதற்கு வழி உண்டு. எனவே, தீர்மானத்தில் "அனைத்து முதலைகளையும்" என்று எழுதாமல், "மனித உயிருக்கு ஆபத்து விளைவித்ததாக உறுதி செய்யப்பட்ட முதலையை" என்று எழுதுங்கள். அதற்குத்தான் அதிகாரிகளால் கையெழுத்திட முடியும்.

ஆண்டின் எந்தக் காலத்தில் எதில் கவனம் வேண்டும் என்பதையும் ஊரில் எழுதி ஒட்டுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெண் முதலை மணல் மேட்டில் குழி தோண்டி முட்டையிடும். ஏறத்தாழ இரண்டு மாதம் பக்கத்திலேயே காவல் இருந்து, குஞ்சுகளின் ஒலி கேட்டதும் குழியைத் தோண்டி, அவற்றை வாயில் சுமந்து நீருக்குக் கொண்டுபோகும். கோடை முழுவதும் அந்த மேட்டுப் பக்கம் மாடு மேய்ப்பதும் சிறுவர்கள் விளையாடுவதும் கூடாது. மணல் அள்ளி அந்த மேடுகளை அழித்தால், அவை முட்டையிடவும் காயவும் ஊர்க்குளத்துக் கரையைத் தேடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் வடிந்தவுடன், வயல் பள்ளத்தையும் குட்டையையும் பகல் வெளிச்சத்தில் பார்த்த பின்பே இறங்க வேண்டும். இரவில் கரையிலிருந்து கைவிளக்கு அடித்தால் முதலையின் கண் செந்நிறத்தில் மின்னும். கணக்கெடுப்பவர்கள் அதை வைத்துத்தான் எண்ணுகிறார்கள், ஊரிலும் அதே முறையில் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

அடைப்புத் துறை அமைக்கும்போது தன்னார்வலர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கம்புகள் ஆற்றின் அடிமண்ணில் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். நீர்மட்டம் உயரும்போதும் மேலே தெரியும் உயரம் வேண்டும். கரைப் பக்கமும் திறந்திருக்கக் கூடாது, ஏனெனில் முதலை கரை வழியாக ஏறியும் உள்ளே வரும். வாரம் ஒரு முறையும், ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்பும், ஆள் இறங்குவதற்கு முன்னால் நீண்ட கழியால் உட்புறம் முழுவதையும் துழாவிப் பார்க்க வேண்டும். உடைந்த அடைப்பு, அடைப்பே இல்லாத துறையைவிட ஆபத்தானது, ஏனெனில் மக்கள் அதை நம்பி இறங்குவார்கள். பார்க்கும் பொறுப்பு இன்னாருக்கு என்று தீர்மானத்திலேயே பெயர் குறித்துவிடுங்கள். வாசகத்தை எழுதியதும் இங்கே பதிவிட்டால், சட்டப் பிரிவுகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.